சமையலறைக்கு ஒரு பூட்டு

மாட்ரிட் நகரத்துப் பிராடோ சித்திரசாலையில் ஒரே பெண் குழந்தையைத் தீட்டிய இரண்டு படங்கள் இருக்கின்றன. தீட்டியவர் ஹுவான் கரேனோ தெ மிராண்டா என்ற அரசவை ஓவியர். வருஷம் 1680. குழந்தையின் பெயர் யூகேனியா மார்ட்டினெஸ் வல்லேஹோ. வயது ஆறு, எடையோ ஏறக்குறைய 70 கிலோ! பர்கோஸ் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து அந்தக் குழந்தையை ஸ்பெயின் மன்னன் இரண்டாம் சார்லஸின் அரண்மனைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மன்னன் பார்த்து அதிசயப்பட்டான். ஓவியரைக் கூப்பிட்டு இரண்டு படங்கள் எழுதச் சொன்னான். ஒன்றில் குழந்தை சிவப்பும் வெள்ளியும் கலந்த பூவேலைப் பட்டு உடுத்தி, கையில் பழத்தோடு நிற்கிறாள். மற்றொன்றில் உடையே இல்லை. தலையில் திராட்சைக் கொடியைச் சுற்றி, கையில் திராட்சைக் கொத்தைக் கொடுத்து, ரோமாபுரிக்காரர்களின் மது தேவதையாக வேஷம் கட்டிவிட்டிருக்கிறார்கள். இரண்டு படத்திலும் குழந்தையின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஜனங்கள் அந்தப் படங்களுக்கு இட்ட பெயர் ‘ராட்சசக் குழந்தை’ என்று பொருள்படும் ஸ்பானிஷ் சொல். இன்றைக்கும் அந்தப் பெயர்தான் வழங்குகிறது.

அந்தக் காலத்து ஸ்பெயின் அரண்மனையில் குள்ளர்களையும் கோமாளிகளையும் வேடிக்கைக்காக வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் இந்தக் குழந்தையும் சேர்ந்தாள். வேடிக்கை பார்த்த மன்னனே பிறவியிலிருந்து நோயாளி; தலைமுறை தலைமுறையாக ரத்த உறவுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்ட வம்சத்தின் கடைசிக் கொழுந்து அவன். ஆனால் அரசனுடைய நோய்க்குப் பரிதாபம் கிடைத்தது. குடியானவன் பெண்ணின் நோய்க்கு வேடிக்கைதான் கிடைத்தது.

அவளுக்கு என்ன நோய் என்று இந்தக் காலத்து டாக்டர்கள் அந்தப் படங்களைப் பார்த்து ஊகம் செய்திருக்கிறார்கள். ஊகங்களில் அதிகமாக அடிபடும் பெயர் ‘பிரேடர்–வில்லி’ நோய். பிறவியிலேயே வருவது, பசியின் கடிவாளத்தையே அறுத்துவிடுவது. யூகேனியாவுக்கு இருந்தது இதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது. அவள் ஒரு வயதிலேயே மிகவும் பருத்திருந்தாள் என்று அக்காலத்துக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அது சரியானால் ஊகம் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிடுகிறது. ஏனென்றால், இந்த நோய் கொண்ட குழந்தை ஒரு வயதில் பருத்திருக்காது. எலும்பும் தோலுமாக இருந்தாலும் ஆச்சரியம் இல்லை. அந்த விசித்திரம்தான் இந்த நோயின் சரித்திரத்துக்கே திறவுகோல். அதற்குப் பிறகு வருகிறேன்.

வேடிக்கை பார்த்த பாவம் அரசர்களுக்கு மட்டும் உரியதல்ல. கதை எழுதுகிற எங்கள் ஜாதிக்கும் அதில் பங்கு உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-லும் 1837-லும் வெளியிட்ட ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் ஜோ என்று ஒரு தடிப் பையன் வருகிறான். தின்பான், தின்றதும் தூங்குவான், நின்றுகொண்டே தூங்குவான், சாப்பாட்டு வாசனை பட்டால் மட்டும் விழித்துக்கொள்வான். இங்கிலாந்தே விழுந்து விழுந்து சிரித்தது. அளவுக்கு மீறிப் பருத்தவர்களுக்கு மூச்சு சரியாக ஓடாமல் வரும் பகல் தூக்கத்துக்கு 1956-ல் அமெரிக்க வைத்தியர்கள் ‘பிக்விக் நோய்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஜோவுக்குப் பிரேடர்–வில்லி நோயே இருந்திருக்கும் என்று சொல்கிற டாக்டர்களும் உண்டு. டிக்கன்ஸ் யாரையோ நேரில் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நின்றபடி தூங்குகிற பையனைக் கற்பனை செய்வது எளிது. சாப்பாட்டுக்கு மட்டும் விழிக்கிற கண்களைக் கற்பனை செய்வது அவ்வளவு எளிதல்ல.

சிரிக்காமல் பார்த்த முதல் மனிதர் என்று ஜான் லாங்டன் டவுன் என்பவரைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஸர்ரே பகுதியில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கென்று நடந்த எர்ல்ஸ்வுட் விடுதியில் 1858 முதல் பத்து வருஷம் வைத்திய அதிகாரியாக இருந்தவர். ‘டவுன் நோய்க்குறி’ என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்த பெயர் அவருடையதுதான். அந்த விடுதியில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி அவர் எழுதி வைத்திருக்கிறார். குட்டையான உருவம், மிதமிஞ்சிய பருமன், மந்தமான புத்தி. பெரிய உடம்புக்குச் சிறிதும் பொருந்தாத சின்னஞ்சிறு கைகள், கால்கள். வயது வந்தும் அவள் ருதுவாகவே இல்லை. ‘அதிக மாமிசம்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்றை அந்த நிலைக்குப் பெயராகச் சூட்டினார். 1887-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்திலும் அந்தப் பெண் இடம் பெற்றாள். அந்தச் சின்னஞ்சிறு கைகால்களை அவர் கவனித்தாரே, அதுதான் பெரிய காரியம். தீனியால் பருத்தவர்களுக்குக் கையும் காலும் சிறுத்துப் போவதில்லை. ஏதோ ஒன்று பிறவியிலேயே கோணலாகியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் அந்த எழுத்தைப் பிறகு யாரும் புரட்டவில்லை. சுமார் எழுபது வருஷம் தூசி படிந்து கிடந்தது.

இனி ஸ்விட்சர்லாந்துக்குப் போக வேண்டும்.

ஜூரிக் நகரத்தில் மூன்று டாக்டர்கள். ஹைன்ரிஹ் வில்லி, புதிதாகப் பிறந்த சிசுக்களைக் கவனிப்பதில் பேர் போனவர். ஆந்த்ரேயா பிரேடர், குழந்தைகள் வளர்வதையும் பருவமடைவதையும் ஆராய்ந்தவர். (ஆந்த்ரேயா என்றதும் பெண்ணென்று எண்ணிவிட வேண்டாம், அந்தப் பக்கத்தில் அது ஆண்பிள்ளைப் பெயர்.) மூன்றாமவர் அலெக்ஸிஸ் லாப்ஹார்ட், பெரியவர்களின் சுரப்பி நோய்களைப் பார்க்கிறவர். சிசுவுக்கு ஒருவர், பிள்ளைக்கு ஒருவர், பெரியவர்களுக்கு ஒருவர். இந்த மூவரும் சேர்ந்திருக்காவிட்டால் இந்த நோய் இன்னும் சில காலம் பிடிபடாமலே இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

காரணத்தைச் சொல்கிறேன். இந்த நோயோடு பிறக்கிற சிசு துணிப் பொம்மை மாதிரி துவண்டு கிடக்கும். தூக்கினால் தலை தொங்கும். அழுகை பூனைக்குட்டி முனகுவது போல இருக்கும். பால் குடிக்கச் சக்தி இராது. பசி என்று கேட்கவும் தெரியாது. மூக்கு வழியாகக் குழாய் செலுத்திப் பால் புகட்ட வேண்டும். இதைப் பார்த்த சிசு வைத்தியர், தசையில் ஏதோ பலவீனம் என்று எழுதி வைப்பார். நாலைந்து வருஷம் கழித்து, வேறொரு வைத்தியரிடம் ஒரு பருத்த பிள்ளை வருகிறது, எதைக் கண்டாலும் தின்கிறது, உயரமும் வளரவில்லை. அவர் தீனி அதிகம் என்று எழுதுவார். இருபது வயதில் மூன்றாவது வைத்தியரிடம் போகும்போது சர்க்கரை வியாதி என்று எழுதப்படும். மூன்று சீட்டுகளும் ஒரே ஆளுடையவை என்று யாருக்குத் தெரியும்? பால் குடிக்க மறுத்த சிசுவும் குப்பைத் தொட்டியில் கைவிடும் பிள்ளையும் ஒரே குழந்தைதான் என்பதைக் கண்டதுதான் ஜூரிக் டாக்டர்களின் சாமர்த்தியம்.

1956-ல் ஸ்விஸ் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் ஒன்பது நோயாளிகளைப் பற்றி அவர்கள் எழுதினார்கள். இரண்டே பக்கம்தான். இந்த இரண்டு பக்கத்துக்குள் ஒன்பது வீடுகளின் கண்ணீர் அடங்கியிருந்தது என்பதை ஜெர்மன் பாஷையின் வறட்சியான வைத்திய வார்த்தைகளில் யாரும் கண்டுகொள்ள முடியாது. நாளடைவில் நோயின் பெயரிலிருந்து லாப்ஹார்ட் நழுவிப் போனார். பிரேடரும் வில்லியும் நிலைத்தார்கள். மூன்று பெயர் சொல்ல உலகத்துக்குப் பொறுமை இல்லை போலும்.

இப்போது கணக்கிட்டிருப்பதன்படி, சுமார் 15,000 முதல் 25,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இந்த நோய் வருகிறது. ஆண், பெண் பேதம் கிடையாது. எந்த இனம், எந்த தேசம் என்பதும் கிடையாது.

இந்தப் பசியை நாம் அறிந்த பசியோடு ஒப்பிடக் கூடாது. நமக்குப் பசித்தால் சாப்பிடுகிறோம். வயிறு நிறைந்ததும் இலையை மடிக்கிறோம். ‘போதும்’ என்ற அந்தச் சொல்லை மூளையின் அடிப்புறத்தில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி சொல்லித் தருகிறது. 1940-ல் அமெரிக்காவில் ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளின் மூளையில் அந்த இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார்கள். எலிகள் பூதாகாரமாகப் பருத்தன. இந்தக் குழந்தைகளுக்கு அந்த இடம் பிறவியிலேயே சரியாக வேலை செய்வதில்லை. இலை நிறையச் சாப்பிட்டு எழுந்த குழந்தைக்கு, மூன்று நாள் பட்டினி கிடந்தவனின் பசி அப்படியே இருக்கிறது. மணிமேகலையில் காயசண்டிகை என்ற பெண்ணுக்கு முனிவரின் சாபத்தால் ‘யானைத்தீ’ என்னும் தீராப் பசி வந்தது நினைவிருக்கும். அவள் பசியை அமுதசுரபியின் சோறு தணித்தது. சாத்தனார் கதைக்கு அந்த முடிவு பொருத்தமானது. இந்தக் குழந்தைகளுக்கோ அள்ள அள்ளக் குறையாத பாத்திரம்தான் யமன். இவர்களுக்கு வாந்தி எளிதில் வராது. வலியும் மற்றவர்களைப் போல உறைக்காது. அளவில்லாமல் உண்டு இரைப்பை கிழிந்து இறந்தவர்கள் உண்டு. அவசரத்தில் விழுங்கி மூச்சு அடைத்து இறந்தவர்களும் உண்டு.

ஆகவே இந்தக் குழந்தையை வளர்க்கிற தாய், உலகத்தில் மற்ற எந்தத் தாயும் செய்யாத காரியத்தைச் செய்ய வேண்டியிருக்கிறது. பசி என்று அழுகிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு நாளல்ல, ஆயுள் முழுவதும்.

அதிலும் கொடுமை ஒன்று உண்டு. முதல் வருஷம் முழுவதும் அவள் எதிர்மாறான தவம் இருந்தவள். ஒவ்வொரு அவுன்ஸ் பாலையும் அளந்து புகட்டி, எடை ஏறியதா என்று தராசைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவள். குழாயை எடுத்த நாள் அவளுக்குத் தீபாவளி. முதல் தடவையாகக் குழந்தை தானாகக் கையை நீட்டி ‘இன்னும் கொடு’ என்று கேட்டபோது அவள் எப்படிப் பூரித்திருப்பாள்! பாட்டி திருஷ்டி கழித்திருப்பாள். அந்த ‘இன்னும்’ என்ற சொல்லே நோயின் இரண்டாம் அங்கத்துக்கு மணியடிப்பு என்று, நோயின் பெயர் தெரியாத வீட்டில் யார் சொல்வார்கள்?

இதன் படிகளை 2011-ல் அமெரிக்க வைத்தியர்கள் நுணுக்கமாகக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். சுமார் இரண்டு வயதில் எடை ஏறத் தொடங்குகிறது. அப்போது குழந்தை முன்னைவிட அதிகமாகச் சாப்பிடுவதே இல்லை! தசை குறைவு, அசைவு குறைவு. உடம்பு கொஞ்சமாகத்தான் எரிக்கிறது. நாலரை வயதை ஒட்டி உணவில் நாட்டம் பெருகுகிறது. எட்டு வயது சுமாருக்குத்தான் அடங்காப் பசி தன் முழு உருவத்தைக் காட்டுகிறது. இவையெல்லாம் சராசரிக் கணக்குகள். குழந்தைக்குக் குழந்தை வித்தியாசம் உண்டு. இந்தக் கணக்கில் என் மனத்தைத் தொட்டது இரண்டு வயதுக் குறிப்புதான். மற்றக் குழந்தைகள் சாப்பிடுகிற அளவே சாப்பிட்டும் பருக்கிற குழந்தையைப் பார்த்து, “என்னத்தைத் திணிக்கிறாய் இதற்கு?” என்று தாயைக் கேட்காத உறவினர் உண்டா? எத்தனை காலம், எத்தனை தேசங்களில், எத்தனை பெண்கள் செய்யாத குற்றத்துக்குத் தலை குனிந்திருப்பார்கள்! பிறகு அதே குழந்தையை அவள் கட்டுப்படுத்தினாலோ, “வயிற்றுக்குப் போடாத ராட்சசி” என்ற பட்டம். முதல் பட்டத்தை வாங்கி வைத்த அதே கையில் இரண்டாவதையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட வீட்டில் சமையலறைக்குப் பூட்டு உண்டு. குளிர்ப்பெட்டிக்குப் பூட்டு, அலமாரிக்குப் பூட்டு, குப்பைத் தொட்டிக்குக்கூடப் பூட்டு. சாவி தாயின் கழுத்திலோ தகப்பனின் சட்டைப் பையிலோ இருக்கும். மற்றக் குழந்தைகளும் அந்த வீட்டில் இருக்கிறார்கள் அல்லவா? அண்ணனுக்கு ஒரு பிஸ்கோத்து வேண்டுமானால் அம்மா வந்து பூட்டைத் திறக்க வேண்டும்; தம்பியின் கண்ணுக்குத் தெரியாமல் தின்ன வேண்டும். பள்ளிக்கூடத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் முன்கூட்டியே ஆசிரியையிடம் பேசி வைக்க வேண்டும். கல்யாண வீடு என்றால் கேட்கவே வேண்டாம். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி மிட்டாய் கொடுக்கிற அன்பர்களைத் தடுத்து நிறுத்தி, இது நோய் என்று ஒவ்வொருவரிடமும் விளக்க வேண்டும். விளக்கினால் நம்புவார்களா? “ஒரே ஒரு மிட்டாய்தானே, என்ன ஆகிவிடும்?” என்பார்கள். ஒரு மிட்டாய் கிடைத்த இடத்தில் இன்னொன்று கிடைக்கும் என்ற நம்பிக்கை குழந்தைக்கு வந்துவிடும். அன்று முழுவதும் அது வேறெதையும் நினைக்காது. கெடுதல் மிட்டாயின் சர்க்கரையில் இல்லை. அந்த நம்பிக்கையில் இருக்கிறது.

பிட்ஸ்பர்க் நகரத்தில் இந்த நோயாளிகளை நெடுங்காலம் பார்த்த டாக்டர்கள் இதைத்தான் ஒரு விதியாக வகுத்தார்கள். அடுத்த வேளை சாப்பாடு எப்போது, என்ன என்பதில் குழந்தைக்குச் சந்தேகமே இருக்கக் கூடாது. அதற்கு மேல் கிடைக்கும் என்ற நப்பாசை இருக்கக் கூடாது. ஆகவே ஏமாற்றமும் இராது. சுவரில் நேரம் எழுதி ஒட்டியிருக்கும். எட்டு மணிக்கு இது, பத்தரைக்கு இது, ஒரு மணிக்கு இது. மணி தவறக் கூடாது, அளவு மாறக் கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கு வேண்டியதில் ஏறக்குறைய முக்கால் பங்கு, சில சமயம் அதற்கும் குறைவு. இதில் ஒரு விந்தை: கதவைத் திறந்து வைத்த வீட்டைவிடப் பூட்டிய வீட்டில் இந்தக் குழந்தை நிம்மதியாக இருக்கிறது. திறந்திருந்தால் போய்ப் பார்க்கலாமா, எடுக்கலாமா, யாராவது கண்டுபிடிப்பார்களா என்று மனம் ஓயாது அரிக்கும். பூட்டியிருந்தால் அந்தப் போராட்டம் இல்லை. பெற்றவர்களில் பலர் இதையே சொல்லியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிறைச்சாலையாகத் தெரிவது உள்ளே இருப்பவனுக்கு ஓய்வு.

பசியைத் தவிர இந்தக் குழந்தைகளிடம் வேறொன்றுமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இவர்களில் பலருக்குத் துண்டு துண்டாக வெட்டிய அட்டைகளைப் பொருத்திப் படம் சேர்க்கும் விளையாட்டில் அசாத்தியத் திறமை உண்டு. அதில் பெரியவர்களையே தோற்கடிப்பார்கள். சின்னக் குழந்தைகளிடமும் நாய், பூனைகளிடமும் பிரியமாக இருப்பார்கள். அதே சமயம், சொன்னது மாறினால் தாங்கமாட்டார்கள். நாலு மணிக்குக் கடற்கரை என்று சொல்லிவிட்டு நாலேகாலுக்குக் கிளம்பினால் வீடு இரண்டுபடும். ஒரே கேள்வியை நூறு தரம் கேட்பார்கள். தோலைச் சுரண்டிப் புண்ணாக்கிக்கொள்வார்கள். தகப்பனார் அலுத்து வந்து உட்கார்ந்ததும் அந்த நூற்றோராவது கேள்வி வரும்.

நோய்க்குப் பெயர் வந்துவிட்டதால் உடனே எல்லாருக்கும் விமோசனம் வந்துவிடவில்லை. ஜூரிக்கில் அச்சான இரண்டு பக்கம் ஊர் ஊராகப் போய்ச் சேர வருஷங்கள் பிடித்தன. 1975-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெற்றோர் சிலர் தாங்களாகவே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஒரு சிறு செய்தித்தாளும் நடத்தினார்கள். 1981-ல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் தோன்றியது. 1991-ல் பல தேசத்துப் பெற்றோரும் டாக்டர்களும் நெதர்லாந்தில் கூடிச் சர்வதேச சங்கம் அமைத்தார்கள். பூட்டு எங்கே போடுவது, பாட்டியை எப்படிச் சமாளிப்பது என்பதையெல்லாம் வைத்திய சாஸ்திரம் கற்றுக்கொடுக்கவில்லை. இந்தத் தாய்மார்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக் கற்றுக்கொண்டார்கள். டாக்டர்களே பல விஷயங்களை அவர்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

பிறகு, காரணம் கண்டுபிடித்த கதை. நம் உடம்பின் ஒவ்வோர் அணுவிலும் நாற்பத்தாறு குரோமோசோம்கள், இருபத்துமூன்று ஜோடிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயுடையது, ஒன்று தகப்பனுடையது. 1981-ல் டேவிட் லெட்பெட்டரும் அவருடைய சகாக்களும் இந்த நோயாளிகளின் பதினைந்தாவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு அறுந்து காணாமற் போயிருப்பதைக் கண்டார்கள். 1983-ல் மெர்லின் பட்லர் முதலியோர் இன்னொரு படி மேலே போனார்கள்: அறுந்திருப்பது தகப்பனிடமிருந்து வந்த குரோமோசோம்! தாயிடமிருந்து வந்த துண்டு முழுசாக இருக்கிறதே, அது ஏன் உதவவில்லை? இந்தக் கேள்விக்கு 1989-ல் விடை கிடைத்தது. ராபர்ட் நிக்கல்ஸ் முதலியவர்கள் ஆராய்ந்த சில நோயாளிகளுக்குத் துண்டு எதுவும் அறுந்திருக்கவில்லை. ஆனால் இரண்டு பதினைந்தாவது குரோமோசோம்களும் தாயிடமிருந்தே வந்திருந்தன. தகப்பனுடையது ஒன்றுகூட இல்லை. அந்தப் பகுதியில் தாய் தரும் ஜீன்களுக்கு இயற்கை முத்திரை வைத்து வாயைக் கட்டிவிடுகிறது. தகப்பன் தருவது மட்டுமே பேசும். அது இல்லாவிட்டால் அங்கே மௌனம்தான். மெண்டல் பாதிரியார் பட்டாணிச் செடியில் கண்ட பாடத்துக்கு இது முற்றிலும் புதிய அத்தியாயம். தாயிடமிருந்து வந்தாலென்ன, தகப்பனிடமிருந்து வந்தாலென்ன, ஜீன் ஜீன்தான் என்று அதுவரை எண்ணியிருந்தார்கள்.

அதே இடத்தில் தாயின் பங்கு காணாமற் போனால் வேறொரு நோய் வருகிறது. 1965-ல் அதை விவரித்தவர் ஹாரி ஏஞ்சல்மன் என்ற ஆங்கிலேயக் குழந்தை வைத்தியர். காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு, தள்ளாடி நடக்கும் மூன்று குழந்தைகளை அவர் பார்த்திருந்தார். இத்தாலியில் வெரோனா நகரத்தில், பொம்மைப் படம் ஒன்றைக் கையில் பிடித்துச் சிரிக்கும் சிறுவனைக் கரோட்டோ என்ற ஓவியர் தீட்டிய படத்தைக் கண்டபோதுதான் அவருக்குப் பொறி தட்டியதாம். சித்திரசாலைக்கு டாக்டர்கள் அடிக்கடி போய்வருவது நல்லது என்று தோன்றுகிறது.

நோயாளிகளில் சுமார் 70 சதவிகிதம் பேருக்குத் தகப்பனின் துண்டு அறுந்திருக்கிறது. 25 சதவிகிதம் பேருக்கு இரண்டும் தாயுடையவை. மீதிச் சிலருக்கு முத்திரை இடுவதில் பிசகு. பெரும்பாலும் இவையெல்லாம் கரு உண்டாகிற காலத்தில் தற்செயலாக நேர்கிற விபத்துகள். கர்ப்பத்தில் தாய் எதைச் சாப்பிட்டாள், சாப்பிடவில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த குழந்தைக்கும் வருவது மிக அபூர்வம். இப்போது ரத்தத்தில் சில துளி எடுத்து, முத்திரையைச் சோதித்து, பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லிவிட முடிகிறது. ஜூரிக்கில் மூன்று டாக்டர்கள் மூன்று சீட்டுகளை ஒட்டிச் சேர்த்த வேலையை இன்று ஒரு பரிசோதனைக் குழாய் செய்கிறது. குழந்தை பருப்பதற்கு முன்பே தாய்க்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. மேற்கு நாடுகளில் இன்று பள்ளிக்குப் போகும் இந்தக் குழந்தைகளில் பலரைப் பார்த்தால் நோய் இருப்பதாகவே சொல்ல முடியாது. ஒடிசலாக இருக்கிறார்கள். 2000-த்தில் வளர்ச்சி ஹார்மோன் ஊசிக்கு அமெரிக்க அரசாங்கம் இந்த நோய்க்கென்றே அனுமதி கொடுத்தது. அதனால் உயரம் கூடுகிறது, தசை வலுக்கிறது. பசி மட்டும் அசையவில்லை.

பசிக்கு மருந்து தேடிய கதை ஆசையும் நிராசையும் மாறி மாறி வந்த கதை. 1994-ல் லெப்டின் என்ற ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்பிலிருந்து புறப்பட்டு மூளைக்குப் போய்ப் ‘போதும்’ என்று சொல்வது அது. லெப்டினே சுரக்காத, அடங்காப் பசி கொண்ட இரண்டு குழந்தைகளை 1997-ல் கேம்பிரிட்ஜ் டாக்டர்கள் கண்டார்கள். பிறகு ஊசி மூலம் லெப்டின் கொடுத்ததும் அந்தப் பசி அணைந்தது. இந்தத் துறையில் அதைப் போன்ற வெற்றி வேறொன்று இல்லை. பிரேடர்–வில்லி குழந்தைகளின் பெற்றோர் எவ்வளவு ஆசையோடு பார்த்திருப்பார்கள்! ஆனால் இவர்களுக்கு லெப்டினில் குறைவில்லை. அந்த வாசல் அடைபட்டது. 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கிரெலின் என்ற பசி ஹார்மோனைக் கண்டார்கள். 2002-ல், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் அது மிக அதிகமாக இருக்கிறதென்று தெரிந்தது. மறுபடியும் ஆசை. மருந்து கொடுத்துக் கிரெலினைக் குறைத்துப் பார்த்தார்கள். கிரெலின் குறைந்தது, பசி குறையவில்லை.

கடைசியில், 2025 மார்ச் 26-ல், டயசாக்ஸைடு கோலின் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்த நோயின் அடங்காப் பசிக்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. டயசாக்ஸைடு பழைய சரக்குத்தான். ரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகிறவர்களுக்கு நெடுங்காலமாகக் கொடுத்து வந்தது. நாலு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம். உடம்பில் ரோமம் அதிகமாக வளரும், கால் வீங்கும், சர்க்கரை ஏறும் என்ற உபத்திரவங்களும் உண்டு; சர்க்கரையைச் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை. பலன் கண்ட வீடுகளிலும் பசி தணிகிறதே தவிர, அறவே போய்விடவில்லை. ஆகையால் மாத்திரை கொடுக்கிற தாயும் சாவியைக் கழுத்திலிருந்து இன்னும் கழற்றவில்லை. காலையில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து, எட்டு மணி ஆகிவிட்டதா என்று சரிபார்த்துக்கொண்டுதான் சமையலறையைத் திறக்கிறாள்.